கப்பல் நமக்காக நிற்குமா? துறைமுகத்தில் இறங்கினால் கம்பெனி டூரா, சொந்தமாக சுத்தலாமா? - முழு விளக்கம்

2024 மார்ச் 27. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ டோமே தீவில் 'நார்வீஜியன் டான்' என்ற சொகுசுக் கப்பல் நின்றிருந்தது. பயணிகள் பிற்பகல் 3 மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்பது உத்தரவு. வெளியாள் ஒருவரிடம் தனியாக டூர் ஏற்பாடு செய்து தீவைச் சுற்றிப் பார்க்கப் போன 8 பேர் குறித்த நேரத்துக்குள் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் இன்னும் கண்ணெதிரேதான் நங்கூரமிட்டு நின்றது. கடலோரக் காவல் படையினர் படகில் கப்பல் வரை அழைத்துப் போனார்கள். ஆனாலும் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்த 8 பேரும் பல நாடுகள் வழியாகக் கப்பலைத் துரத்திக்கொண்டு போய், கடைசியில் ஏப்ரல் 2-ம் தேதி செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் ஏற முடிந்தது. "குறித்த நேரத்தில் திரும்புவது பயணிகளின் பொறுப்பு" என்பதுதான் கப்பல் நிறுவனத்தின் நிலைப்பாடு.

உலகம் முழுக்க விவாதமான இந்தச் சம்பவம், கப்பல் பயணம் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வியை எழுப்பியது. துறைமுகத்தில் கிடைக்கும் 8, 9 மணி நேரத்தில் கப்பல் கம்பெனியின் டூரில் போவது நல்லதா? இல்லை, நாமே டாக்ஸி பிடித்துச் சுற்றலாமா?

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

நம்ம ஊர்க்காரர்களுக்கும் கப்பல் சுற்றுலா இப்போது எட்டாக்கனி இல்லை. சிங்கப்பூர் போகிறவர்கள் அப்படியே 3 அல்லது 4 இரவு கப்பல் பயணத்தையும் பேக்கேஜில் சேர்த்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் கிளம்பும் இந்தக் கப்பல்கள் வழக்கமாக மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போன்ற இடங்களில் நிற்கும்.

சென்னையிலிருந்தும் 2023 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் இலங்கைக்குப் பயணத்தைத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு அந்தக் கப்பல் சென்றது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'குரூஸ் பாரத் மிஷன்' திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் நாட்டின் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது இதன் இலக்கு.

முதல் முறையாகக் கப்பலில் போகிறவர்கள் அதிகமாகும்போது, துறைமுகத்தில் இறங்கியதும் என்ன செய்வது என்ற குழப்பமும் அதிகமாகிறது.

கப்பல் டூர் என்றால் என்ன?

கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது, அந்த ஊரைச் சுற்றிக் காட்டக் கப்பல் நிறுவனமே டூர் டிக்கெட் விற்கும். இதற்கு 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' என்று பெயர். கப்பல் டிக்கெட்டில் இந்தக் கட்டணம் பொதுவாகச் சேராது. தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். பஸ், கைடு, நுழைவுக் கட்டணம், சில டூர்களில் மதிய உணவு எல்லாம் இதில் அடங்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம், இந்த டூரைக் கப்பல் கம்பெனி தானே நடத்துவதில்லை. உள்ளூர் டூர் நிறுவனம்தான் நடத்தும். கப்பல் கம்பெனி டிக்கெட்டை விற்றுக் கொடுக்கும். பயண ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில், டூர் நடத்துபவர் 'சுயேச்சையான ஒப்பந்ததாரர்' என்ற வாசகம் வழக்கமாக இருக்கும்.

அப்படியென்றால் கூடுதல் பணம் எதற்கு?

ஒரே வார்த்தையில் சொன்னால், நேரத்துக்கு. கப்பல் மூலம் எடுத்த டூர் பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். காத்திருக்கவே முடியாத நிலை வந்தால், அடுத்த துறைமுகத்துக்குப் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

சொந்தமாகப் போனவர் மாட்டிக்கொண்டால் அந்தச் செலவு முழுக்க அவருடையது. கடைசி நேர விமான டிக்கெட், ஹோட்டல், தேவைப்பட்டால் அடுத்த நாட்டுக்கு விசா என எல்லாம் சேரும்போது, டூரில் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு போய்விடும்.

இன்னொரு சாதகமும் உண்டு. வானிலை சரியில்லாமல் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்காமலே போவது சகஜம். அப்போது கப்பல் மூலம் எடுத்த டூருக்குப் பணம் பொதுவாகத் திரும்பி வந்துவிடும். வெளியில் முன்பதிவு செய்திருந்தால், அந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்துத்தான் பணம் கிடைக்கும்.

கம்பெனி டூர் என்றால் முழுப் பாதுகாப்பா?

இங்கேதான் கவனம் தேவை. 'கப்பல் காத்திருக்கும்' என்பது நேரத்துக்கான உத்தரவாதம். உயிருக்கான உத்தரவாதம் என்று அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

2019 டிசம்பர் 9-ம் தேதி நியூசிலாந்தின் வாக்காரி தீவில் எரிமலை வெடித்தது. அப்போது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் உயிரிழந்தனர். அந்த 47 பேரில் 38 பேர் 'ஓவேஷன் ஆஃப் தி சீஸ்' கப்பலிலிருந்து டூர் வந்தவர்கள்.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவில் நடந்தது இன்னொரு விதம். 'கோரல் அட்வென்ச்சரர்' என்ற சிறிய கப்பலில் வந்த 80 வயதுப் பெண் ஒருவர், கப்பல் ஏற்பாடு செய்த மலையேற்றத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார். அவர் ஏறாததைக் கவனிக்காமலே கப்பல் கிளம்பிவிட்டது. சில மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்து கப்பல் திரும்பி வந்தது. மறுநாள் அவர் தீவில் இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார்.

கப்பல் டூரே ஆபத்து என்பதல்ல இதன் பொருள். 'கம்பெனி பார்த்துக்கும்' என்று எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டுவிட முடியாது என்பதுதான். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும், நடுவில் முடியாமல் போனால் யார் கூட இருப்பார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்க வேண்டும். வயதான அப்பா, அம்மாவோடு போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

சொந்தமாகச் சுற்றினால் என்ன லாபம்?

முதல் லாபம் பணம். கப்பல் டூருக்குத் தலைக்கு இவ்வளவு எனக் கட்டணம். டாக்ஸிக்கோ வண்டிக்கு இவ்வளவு. 4 பேர், 6 பேர் கொண்ட குடும்பம் ஒரு வேனை நாள் வாடகைக்கு எடுத்தால், ஆளுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் குறையும். தனியாகப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்கு டூர் பஸ்ஸே மலிவாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, நேரம் நம் கையில் இருக்கும். டூர் பஸ்ஸில் 40 பேர் ஏறி இறங்கவே நேரம் போகும். நடுவில் சாக்லேட் கடை, நகைக்கடை, நினைவுப்பொருள் கடை என்று நிறுத்துவதும் பல டூர்களில் உண்டு. கோயிலில் அரை மணி நேரம் நிற்க ஆசைப்படுபவருக்குப் பத்து நிமிஷம்தான் கிடைக்கும்.

மூன்றாவது, சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு டூரில் தரும் மதிய உணவு ஒத்துவராமல் போகலாம். சொந்தமாகப் போனால் பிடித்த கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

எந்தத் துறைமுகத்தில் எது சரி?

'நான் எப்பவும் டூர்தான்', 'நான் எப்பவும் தனியாகத்தான்' என்று மொத்தப் பயணத்துக்கும் ஒரே முடிவு எடுப்பதுதான் பலர் செய்வது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக முடிவெடுப்பதே புத்திசாலித்தனம். துறைமுகத்துக்கும் பார்க்க வேண்டிய இடத்துக்கும் எவ்வளவு தூரம், திரும்பி வர எத்தனை வழி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் போதும். சிங்கப்பூர் ரூட்டில் உள்ள மூன்று துறைமுகங்களே இதற்கு நல்ல உதாரணம்.

பினாங்கு: இறங்கி நடந்தாலே போதும்

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர், ஜார்ஜ் டவுன் நகரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, 1833-ல் கட்டப்பட்ட குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சுவரோவியங்களுக்குப் பேர்போன ஆர்மேனியன் தெரு என எல்லாமே நடந்து போகிற தூரம்தான். லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். இட்லி, தோசைக்கும் பஞ்சமில்லை.

பினாங்கு மலை ரயில், தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் போன்றவை கொஞ்சம் தள்ளி இருந்தாலும், கிராப் செயலியில் கார் பிடித்துப் போய் வரலாம். தீவுக்குள்ளேயே இருப்பதால் கடைசி நேரச் சிக்கலும் குறைவு. இங்கே கப்பல் டூருக்குப் பணம் கட்டும் அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. நடக்க முடியாதவர்கள், வரலாற்றைக் கைடு சொல்லிக் கேட்க விரும்புபவர்களுக்கு மட்டும் டூர் பொருந்தும்.

போர்ட் கிளாங்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கப்பல் அட்டவணையில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பதோ போர்ட் கிளாங்கில். அங்கிருந்து கோலாலம்பூர் சுமார் 60 கிலோமீட்டர். நம்ம ஆட்கள் முக்கியமாகப் பார்க்க நினைப்பது பத்துமலை முருகன் கோயில். அது கோலாலம்பூரையும் தாண்டி வடக்கே இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். கப்பல் காலை 8 மணிக்குக் கரை சேர்கிறது, மாலை 4.30-க்குள் எல்லோரும் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குடியுரிமைச் சோதனை முடிந்து வெளியே வர 9 மணி. டிராஃபிக்கோடு பத்துமலை போய்ச் சேர 10.30. பாதுகாப்பாக 3 மணிக்கே துறைமுகத்தில் இருக்க வேண்டுமென்றால், பிற்பகல் 1.30-க்கு நகரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் இருப்பது வெறும் 3 மணி நேரம். பத்துமலையில் 272 படி ஏறி இறங்கி, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே நேரம் முடிந்துவிடும்.

மாற்று வழிகளும் குறைவு. கிளாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறநகர் ரயில் உண்டு. ஆனால் கப்பல் நிற்கும் இடம் இந்தா தீவில். ரயில் நிலையத்துக்கே கார் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்து வழி அடைத்தால் கப்பல் போய்விடும். எனவே பத்துமலைதான் முக்கியம் என்பவர்களுக்கு இங்கே கப்பல் டூர் கொடுக்கிற காசுக்கு மதிப்பு.

இல்லையென்றால் கிளாங் நகரத்திலேயே சுற்றலாம். அங்கேயும் ஒரு லிட்டில் இந்தியா இருக்கிறது. கோலாலம்பூர் அளவுக்குத் தூரம் போக வேண்டாம்.

புக்கெட்: படகும் கடிகாரமும்

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரங்களில் பட்டோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிடும். அங்கிருந்து 'டெண்டர்' எனும் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். கப்பல் டூர் எடுத்தவர்களை வழக்கமாக முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டிவரும். திரும்பும்போதும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் கணக்கு. கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றால் ஏமாற்றம்தான்.

இதைவிடப் பெரிய பொறி கடிகாரத்தில் இருக்கிறது. தாய்லாந்து நேரம், சிங்கப்பூர் நேரத்தைவிட 1 மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கினால், மாலை 5 மணிக்குள் ஏற வேண்டும் என்பது உங்கள் செல்போனில் 4 மணி. கரையில் இறங்கியதும் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். '4 மணிதானே ஆகிறது, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது' என்று கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தால் கப்பலைக் கோட்டைவிட வேண்டியதுதான். இறங்கும் முன்பு 'கப்பல் நேரம்' எது என்று கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பட்டோங் கடற்கரையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு டூர் தேவையில்லை. பிபி தீவு போன்ற இடங்களுக்கு வேகப் படகில் போக நினைப்பவர்கள், கரையில் மலிவாகக் கூப்பிடும் ஆளை நம்பி ஏறக் கூடாது. 2018 ஜூலையில் புக்கெட் அருகே 'பீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு மோசமான வானிலையில் கவிழ்ந்து 47 பேர் உயிரிழந்தனர். உரிமம், லைஃப் ஜாக்கெட், வானிலை எச்சரிக்கை மூன்றையும் பார்க்காமல் படகு ஏறாதீர்கள்.

இலங்கைத் துறைமுகங்கள் எப்படி?

காங்கேசன்துறையில் இறங்கினால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. நல்லூர் கந்தசுவாமி கோயில், யாழ்ப்பாணம் கோட்டை, பொது நூலகம் பார்க்க சுமார் 20 கிலோமீட்டர் போக வேண்டும். திருகோணமலையில் கோணேஸ்வரம் நகரத்திலேயே இருக்கிறது. மொழிப் பிரச்சினை இல்லை. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரக் குழப்பமும் இல்லை. சொந்தமாக வண்டி பேசிப் போக ஏற்ற இடங்கள் இவை.

அம்பாந்தோட்டையில் இறங்கி கதிர்காமம் போக நினைப்பவர்கள் மட்டும் போக்குவரத்து நேரத்தைச் சரியாகக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது

கப்பல் டூருக்கும் தனியாகப் போவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அந்த ஊர் டூர் நிறுவனத்திடம் நேரடியாக முன்பதிவு செய்வது. சிறிய குழு, குறைந்த கட்டணம், நமக்கேற்ற இடங்கள் எனப் பல வசதிகள் இதில் இருக்கின்றன. 'சரியான நேரத்தில் கொண்டுபோய் விடுவோம்' என்று பல நிறுவனங்கள் எழுதியே தருகின்றன.

ஆனால் அந்த வாக்குறுதி கப்பலின் கேப்டனைக் கட்டுப்படுத்தாது. சாவோ டோமேவில் தவித்த 8 பேரும் தனியார் டூரில் போனவர்கள்தான். தாமதமானால் அந்த நிறுவனம் என்ன செலவை ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பலின் பெயர், வரும் நேரம், கிளம்பும் நேரம் மூன்றையும் அவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன செய்வது?

சில கப்பல்களில் பயணிகளின் பாஸ்போர்ட்டை நிர்வாகமே வாங்கி வைத்துக்கொள்ளும். பயணி வரவில்லை என்று தெரிந்தால், அவரது பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுகத்தில் உள்ள கப்பலின் உள்ளூர் முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அதனால் பதற்றத்தில் நகரத்துக்குள் திரும்ப ஓடாமல், முதலில் 'போர்ட் ஏஜென்ட்' எனப்படும் அந்த முகவரைத் தேட வேண்டும். அவரது தொலைபேசி எண் கப்பலில் தினமும் தரும் தாளிலோ செயலியிலோ இருக்கும். இறங்கும் முன்பு அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா இன்னொரு சிக்கல். அடுத்த துறைமுகம் வேறு நாட்டில் இருந்தால், அங்கே விமானத்தில் போய் இறங்க அந்த நாட்டு அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பும் பயணத்திலும், திரும்பி வருவது புதிய நுழைவாகவே கணக்கிடப்படும். பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ தளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும், 'கப்பலைத் தவறவிடுதல்' அதில் அடங்குமா, எந்தக் காரணத்துக்கு அடங்கும் என்று படித்துப் பாருங்கள். கடையில் நேரம் போனது தெரியவில்லை என்றால் எந்த இன்சூரன்ஸும் பணம் தராது.

சுருக்கமாக: எப்போது எது?

கப்பல் டூர் எடுக்கலாம்:

- பார்க்கும் இடம் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூரம் என்றால்
- திரும்பி வர ஒரே சாலை, ஒரே படகுதான் என்றால்
- கப்பல் நிற்கும் நேரம் 6 மணி நேரத்துக்கும் குறைவு என்றால்
- அடுத்த துறைமுகம் வேறு நாடு, அதற்கான விசா கையில் இல்லை என்றால்

சொந்தமாகச் சுற்றலாம்:

- கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது என்றால்
- டாக்ஸி, பஸ், ரயில் எனத் திரும்ப இரண்டு வழியாவது இருந்தால்
- மொழி தெரியும், அல்லது செயலியில் கார் கிடைக்கும் ஊர் என்றால்
- 4 பேருக்கு மேல் சேர்ந்து போகிறீர்கள் என்றால்

எப்படிப் போனாலும்:

- கப்பல் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வையுங்கள்
- தூரமான இடத்தை முதலில் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்கு அருகே உள்ளதைக் கடைசியில் வையுங்கள்
- ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருங்கள்
- பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் பணம், ஒரு நாளுக்கான மாத்திரை கையில் இருக்கட்டும்
- கூட வந்தவர்கள் எல்லோரும் ஏறியாச்சா என்று நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்

டூர் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் சொந்தமாகச் சுற்றுவது மலிவாகத்தான் தெரியும். தாமதமானால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்படிப் பார்த்தால், பினாங்கில் கப்பல் டூருக்குக் கொடுக்கும் பணம் பலருக்கு வீண். அதே பணம் போர்ட் கிளாங்கில் நிம்மதிக்கான விலை.